வேலையில்லாத செயலியின் விழிப்பு நேரம்

(கிங்ஸ் சர்க்கிளில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். மேடையில் சொன்ன சில கிளைச் செய்திகளையும் திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களையும் விட்டுவிட்டேன்.)



கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்ச் சொற்பொழிவு என்றால் கம்பனையோ கச்சேரி மரபையோ எதிர்பார்த்து வருவோம். கணினியைப் பற்றிப் பேச்சு என்று அழைப்பிதழில் பார்த்தவர்கள் செயற்கை நுண்ணறிவை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிட மிகச் சிறிய பொருள். நம் கைப்பேசிப் பணப் பரிமாற்றம், ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனுள் இருக்கும் செயலிக்குக் கையில் வேலை இல்லாதபோது, அது உடனே உறங்கப் போகலாமா, அல்லது அடுத்த வேலை வந்துவிடும் என்று கொஞ்சம் விழித்திருந்து பார்க்கலாமா? விழித்திருப்பதென்றால் எவ்வளவு நேரம்? அந்த நேரத்தை யார் முடிவு செய்வது?

இங்கே பேசப்படும் காலம் மைக்ரோ வினாடிக் கணக்கு. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோ வினாடி. 200 மைக்ரோ வினாடியில் ஒளி கண்ணாடி இழைக்குள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போய்விடும். இங்கிருந்து பன்வேல் போகிற தூரம். கணினிக்கு அது நீண்ட நேரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயலி எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும் என்பது, யார் செலவில் யாருக்கு வேகம் என்று தீர்மானிக்கும் பங்கீடு. நெடுங்காலம் அது நிரலுக்குள் எழுதிய ஓர் எண்ணாக, யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த எண் வெளியே தெரிய வேண்டும். மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தே மாற்றப்பட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படாமல் போகும் என்பதை உண்மை நிகழ்வுகளைக் கொண்டு காட்ட முயல்கிறேன்.

1. உறக்கத்தின் ஆழங்கள்

ஆதிகாலக் கணினிகளில் செயலிக்கு ஓய்வே கிடையாது. வேலை இல்லாதபோது ஒரு வெற்றுச் சுழற்சியில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு, ‘நில், யாராவது எழுப்பும்வரை நில்’ என்று பொருள்படும் ‘ஹால்ட்’ என்ற கட்டளை பழக்கத்துக்கு வந்தது. இன்றைய செயலிகளில் உறக்கத்துக்குப் பல ஆழங்கள் உண்டு. ஆழம் கூடக்கூட மின்சாரம் மிச்சம். எழுந்து வர நேரமும் கூடும்.

எண்களைச் சொன்னால்தான் விளங்கும். இன்டெல்லின் ஸ்கைலேக் வகை சர்வர் செயலிகளுக்காக லினக்ஸ் கெர்னலில் ஒரு பட்டியல் இருக்கிறது. சி1 என்ற மேலோட்டமான உறக்கத்திலிருந்து எழ 2 மைக்ரோ வினாடி. சி1இ என்ற அடுத்த படியிலிருந்து எழ 10. சி6 என்ற ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழ 133. அதோடு இன்னோர் எண்ணும் உண்டு: 600 மைக்ரோ வினாடியாவது உறங்க முடியும் என்றால்தான் சி6-க்குப் போவது பயன் தரும். அதற்குள் எழுப்பிவிட்டால், உறங்கப் போன செலவும் எழுந்த செலவும் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிடும்.

எந்த ஆழத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு லினக்ஸில் ‘சிபியு ஐடில்’ என்று பெயர். அதை விளக்கும் கட்டுரையை 2007-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் வெங்கடேஷ் பள்ளிபாடி, ஷாவோஹுவா லி, ஆடம் பெலே மூவரும் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த பெரிய காரியம் ஒரு பிரிவினை. செயலியால் எப்படியெல்லாம் உறங்க முடியும் என்று தெரிந்த பகுதி ஒன்று. இப்போது எதைத் தேர்வது என்று முடிவெடுக்கும் பகுதி இன்னொன்று. இரண்டும் ஒரே நிரலில் பின்னிக்கிடந்தவரை, முடிவை மட்டும் தனியே எடுத்து விவாதிக்கவோ மாற்றவோ வழியில்லாமல் இருந்தது.

2. நடுவில் ஹைப்பர்வைசர் வந்தபோது

இன்று நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வர் பெரும்பாலும் முழு இயந்திரம் கிடையாது. ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தருகிறார்கள். பிரித்துக் கொடுத்து மேய்க்கிற மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரை கும்ராநெட் என்ற இஸ்ரேல் நிறுவனத்தில் ஏவி கிவிட்டி எழுதினார்; 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலோடு அது சேர்ந்தது. இன்று பெரிய கிளவுட் நிறுவனங்கள் சிலவற்றின் அடித்தளமே அதுதான்.

மெய்நிகர் கணினிக்கும் ஒரு செயலி இருப்பதாகத் தோன்றும். வேலை முடிந்ததும் அது ஹால்ட் கட்டளை இடுகிறது. உண்மையில் அங்கே நிற்பதற்குச் செயலி எதுவும் இல்லை. கட்டளை ஹைப்பர்வைசரிடம் போய்ச் சேர்கிறது. ‘இவருக்கு வேலை இல்லையாம்’ என்று அது மெய்யான செயலியைப் பிடுங்கி வேறொருவருக்குத் தருகிறது. யாருமே கேட்கவில்லை என்றால் அதை உறங்க வைக்கிறது.

பத்து மைக்ரோ வினாடி கழித்து வட்டிலிருந்து ஒரு பதில் வருகிறது என்று வையுங்கள். மெய்யான செயலி உறக்கத்திலிருந்து எழ வேண்டும். ஹைப்பர்வைசர் யாருக்கான செய்தி என்று பார்க்க வேண்டும். அந்த மெய்நிகர் கணினியை வரிசையில் சேர்த்து மறுபடி செயலியில் ஏற்ற வேண்டும். சில நேரம் அது பழைய செயலியில் ஏறாது, வேறொன்றில் ஏறும். கேஷ் நினைவகத்தில் சூடாக இருந்த தரவெல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிடும். பத்து மைக்ரோ வினாடி காத்திருந்தால் போதும் என்ற இடத்தில் இத்தனை நடக்கிறது.

2015 பிப்ரவரியில் கேவிஎம் பராமரிப்பாளரான பாவ்லோ பொன்சினி இதற்கு ஒரு மாற்றம் எழுதினார். மெய்நிகர் கணினி ஹால்ட் என்றவுடன் செயலியைப் பிடுங்காமல், ஹைப்பர்வைசர் சிறிது நேரம் விழித்திருந்து ‘ஏதாவது வந்ததா, வந்ததா’ என்று பார்க்கும். இதைத்தான் ‘ஹால்ட் போலிங்’ என்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை நிர்வாகி குறிப்பிடும் ஓர் எண்ணாக அவர் வெளியே வைத்தார். அலகு நானோ வினாடி.

ஒவ்வொரு எழுத்தும் வட்டில் பதிந்தாக வேண்டும் என்று காத்திருக்கும் வேலையில் அவர் சோதித்தார். அந்த வகை வேலையில் மெய்நிகர் கணினி, நேரடி இயந்திரத்தின் வேகத்தில் 30 சதவீதம்தான் தந்துகொண்டிருந்தது. சில அமைப்புகளில் 50. மாற்றத்துக்குப் பிறகு அது 60 முதல் 65 சதவீதத்துக்கு ஏறியது. விலையையும் அவரே எழுதி வைத்தார்: வேலையின்றிக் கிடக்கும் ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் மெய்யான செயலி ஒன்றின் நேரத்தில் 1.5 முதல் 2.5 சதவீதம் வரை தின்கிறது. சோதனைக்குப் பயன்படுத்திய 5,00,000 என்ற எண், அதாவது 500 மைக்ரோ வினாடி, ஏறக்குறைய மனம்போனபடி எடுத்தது என்றும் குறிப்பிட்டார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே இது அரிது.

மாற்றம் வந்தபோது இயல்பு மதிப்பு சுழியம். வேண்டுபவர் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நிலை. அதே ஆண்டிலேயே அது 500 மைக்ரோ வினாடி ஆனது. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் இப்போது 200. வேறு செயலிக் குடும்பங்களுக்கு வேறு எண்கள். ஒரே கேள்விக்குச் சில ஆண்டுகளில் இத்தனை விடைகள் வந்தன என்றால், இயற்கை தந்த மாறிலி இதற்குள் இல்லை என்பது வெளிப்படை.

3. எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற கணக்கு

கணிதம் பிடிக்காதவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மாட்டுங்காவின் உடுப்பி ஓட்டல் ஒன்றில் தோசைக்கல்லைப் பாருங்கள். மாலை நாலு மணிக்குக் கூட்டம் இல்லை. அடுப்பை எரியவிட்டால் எரிவாயு போகிறது. அணைத்துவிட்டால், ஆள் வந்ததும் கல்லை மறுபடி காயவைக்க எரிவாயுவும் போகும், வந்தவரும் காத்திருப்பார். அடுத்த ஆள் எப்போது வருவார் என்று மாஸ்டருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கணக்கே வேண்டாம்.

எதிர்காலம் தெரியாதவருக்கு ஒரு விதி இருக்கிறது. கல்லை மறுபடி காயவைக்க எவ்வளவு எரிவாயு ஆகுமோ, அந்த அளவு எரியும்வரை அடுப்பை விட்டுவையுங்கள். அதற்குள் ஆள் வரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் உங்கள் செலவு, எதிர்காலம் முழுதும் தெரிந்த ஒருவர் செய்திருக்கக்கூடிய செலவைப்போல் இரண்டு மடங்கை ஒருநாளும் தாண்டாது. அன்னா கார்லினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1988-இல் கேஷ் நினைவகங்களுக்காக இந்த வகைக் கணக்கைப் போட்டார்கள். 1991-இல், பல செயலிக் கணினிகளில் ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கும் நிரல் சுற்றிக்கொண்டே இருக்கலாமா, உறங்கலாமா என்ற கேள்விக்குப் பொருத்திச் சோதித்தார்கள். காத்திருக்கும் நேரத்தைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தகுந்த விகிதத்தில் மாற்றிக்கொண்டால், சராசரியில் அந்த இரண்டு மடங்கு 1.58 மடங்காகக் குறையும் என்பதும் நிறுவப்பட்ட முடிவு.

இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். சரியான காத்திருப்பு நேரம், எழுந்து வருவதற்கு ஆகும் செலவைப் பொறுத்தது. அந்தச் செலவு இயந்திரத்துக்கு இயந்திரம், ஹைப்பர்வைசருக்கு ஹைப்பர்வைசர், வேலைக்கு வேலை மாறும். அதை அளக்காமல் ஓர் எண்ணை நிரலில் பதித்தவர், எல்லா இயந்திரங்களுக்கும் எல்லா வேலைகளுக்கும் சேர்த்து ஒரே விடையை ஊகித்துவிட்டார்.

2015-இலேயே வான்பெங் லி என்பவர் அடுத்த படிக்கு எடுத்துச் சென்றார். ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் தனித்தனியே காத்திருப்பு நேரம். சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று தெரிந்தால் நேரம் நீளும், நெடுநேரம் எதுவும் வரவில்லை என்றால் சுருங்கும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் எவ்வளவு வேகமாக நீள்வது, எந்த உச்சவரம்பு வரை என்பவை மறுபடி எண்கள்தான். தானியங்கி ஏற்பாடு மனித முடிவை ஒரு படி மேலே தள்ளி வைத்தது; அந்த முடிவை எடுக்க இன்னமும் ஆள் வேண்டும்.

4. பத்து மைக்ரோ வினாடி: இந்தியாவில் நடந்த ஒரு திருத்தம்

இப்போது சொல்லப்போவதுதான் என் பேச்சின் நடுநாயகமான சான்று. ஐபிஎம்மின் பவர் வகை சர்வர்கள் பல பெரிய வங்கிகளின் மையக் கணக்கைத் தாங்குபவை. அவற்றில் பவர்விஎம் என்ற ஹைப்பர்வைசர் இயந்திரத்தைப் பிரிவுகளாக வகுத்துத் தருகிறது. ஒரு பிரிவுக்குள் ஓடும் லினக்ஸுக்கு வேலை இல்லாதபோது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘ஸ்னூஸ்’: செயலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முன்னுரிமையைக் குறைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. மற்றொன்று, ‘சீட்’: செயலியை ஹைப்பர்வைசரிடம் ஒப்படைத்துவிட்டு, எழுப்பும்போது திரும்பப் பெறுவது.

சீட் நிலையிலிருந்து எழ எவ்வளவு நேரம் ஆகும் என்று ஹைப்பர்வைசரிடம் கேட்டறிய வழி இல்லாததால், லினக்ஸ் நிரலில் 10 மைக்ரோ வினாடி என்று எழுதி வைத்திருந்தார்கள். அதையொட்டி, 100 மைக்ரோ வினாடியாவது உறங்க முடியும் என்றால்தான் சீட் நிலைக்குப் போகலாம் என்றும் எழுதியிருந்தார்கள். யாரும் அளந்து வைத்த எண்கள் இல்லை. தெரியாத இடத்தில் ஓர் ஊகம்.

2020-இல், இந்தியாவில் ஐபிஎம்மில் பணிபுரிந்த கவுதம் ஆர். ஷெணாய் ஒரு வழி கண்டார். ஹைப்பர்வைசர் சாதாரண சீட் நிலையின் நேரத்தைச் சொல்லவில்லை. ஆனால் அதைவிட ஆழமான, நீட்டிக்கப்பட்ட சீட் நிலைகளின் நேரத்தைச் சொல்கிறது. ஆழமான நிலையிலிருந்தே 10 மைக்ரோ வினாடிக்குள் எழ முடியும் என்று அது சொன்னால், மேலோட்டமான நிலையிலிருந்து எழ அதைவிட அதிக நேரம் ஆக முடியாது. எளிய, உறுதியான தர்க்கம். ஆகவே ஹைப்பர்வைசர் சொல்லும் எண் 10-ஐவிடச் சிறிதாக இருந்தால், நிரலில் உறைந்திருந்த 10-க்குப் பதிலாக அதைப் பயன்படுத்தச் செய்தார். குறைந்தபட்ச உறக்க நேரத்தை அந்த எண்ணின் பத்து மடங்காக வைத்தார்.

பவர்8 இயந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை. அங்கே ஹைப்பர்வைசர் சொன்ன எண் 30, அது 10-ஐவிடப் பெரிது. பவர்9-இல், ஒரே பெரிய கோரில் இரண்டு இழைகளை ஓட்டிய ‘எபிஸி’ சோதனையில் 25 சதவீத முன்னேற்றம். கோர் என்பது செயலிக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு; அதில் பல இழைகள் வளங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. சும்மா இருக்கும் இழை ஸ்னூஸ் நிலையில் சுற்றிக்கொண்டிருந்தால், உழைக்கும் இழையின் பங்கில் அது கைவைக்கிறது. சீக்கிரமே ஒப்படைத்துவிட்டால் உழைப்பவருக்கு முழு வளமும் கிடைக்கிறது. வேலையில்லாதவர் விழித்திருப்பது வேலை செய்பவரைத் தாமதப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவீடு நான் பார்த்ததில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை இவ்வளவு விரித்திருக்க மாட்டேன். 2021 ஜூலையில் அதே பொறியாளர் தன் திருத்தத்துக்கே ஒரு வரம்பு கட்டினார். பவர்9 பிரிவுகளில் ஹைப்பர்வைசர் சொன்ன எண் வெறும் 2 மைக்ரோ வினாடி. அந்த எண் பொய்யில்லை. வன்பொருள் உறக்கத்திலிருந்து எழ ஆகும் நேரம் அதுவே. ஆனால் பிரிவுக்குள் இருக்கும் லினக்ஸின் நோக்கில் இன்னும் இரண்டு செலவுகள் உண்டு: எழுந்த செயலி ஹைப்பர்வைசரிலிருந்து வெளியேறிப் பிரிவுக்குள் வந்து சேரும் நேரம் ஒன்று, எழுப்புகிற செயலியின் சமிக்ஞை எழ வேண்டிய செயலிக்குப் போய்ச் சேரும் நேரம் மற்றொன்று.

அவர் ஊகிக்கவில்லை. ஒரு மில்லி வினாடிக்கு டைமர் வைத்துவிட்டு, செயலியை உறங்கவிட்டு, டைமர் அடித்தபோது எவ்வளவு கூடுதலாகக் கடந்திருக்கிறது என்று பார்த்தார். இதைப் பல நூறு முறை செய்து, இடைநிலை மதிப்பும் சராசரியும் எடுத்தார். ஒரு செயலியிலிருந்து இன்னொன்றை எழுப்பியும் அளந்தார். 2 மைக்ரோ வினாடி என்பது பிரிவு உண்மையில் காணும் நேரத்தைவிட மிகவும் குறைவு என்று தெளிந்தது. ஆகவே பவர்9-க்கு மறுபடி 10. பவர்10 தொடங்கி மட்டும் ஹைப்பர்வைசர் சொல்லும் எண்.

நிரலில் உறைந்த எண் ஓர் ஊகம். ஹைப்பர்வைசர் தந்த எண் உண்மை, ஆனால் அது ஹைப்பர்வைசர் நின்ற இடத்திலிருந்து பார்த்த உண்மை. விருந்தினர் பக்கம், அதாவது பிரிவுக்குள் ஓடும் லினக்ஸின் பக்கம், நின்று அளந்தபோதுதான் விருந்தினருக்கு உரிய எண் கிடைத்தது. பழைய 10-க்கே திரும்பியதால் உழைப்பு வீணானதாக நினைக்க வேண்டாம். 2020-இல் அந்த 10 ஓர் ஊகமாக இருந்தது; 2021-இல் அளவீட்டின் துணையோடு நிற்கும் எண் ஆகிவிட்டது. மாணவர்களே, இந்த இரண்டு திருத்தக் குறிப்புகளையும் லினக்ஸ் நிரல் வரலாற்றில் தேடிப் படியுங்கள். பாடப்புத்தகத்தில் பல பக்கங்கள் சொல்லாததை அவை சொல்கின்றன.

5. செலவு யாருடையது

பொன்சினியின் எண்ணுக்குத் திரும்புவோம். சும்மா கிடக்கும் ஒரு மெய்நிகர் செயலிக்கு 1.5 முதல் 2.5 சதவீதம். கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஓர் இயந்திரத்தில் அப்படி 100 மெய்நிகர் செயலிகள் சும்மா கிடந்தால், ஏறத்தாழ இரண்டு முழுச் செயலிகள் ‘வந்ததா, வந்ததா’ என்று பார்ப்பதிலேயே கழிகின்றன.

இதைவிட மோசமான ஒரு நிலை கேவிஎம்மின் சொந்த ஆவணத்திலேயே எச்சரிக்கையாக இருக்கிறது. ஒரு மெய்நிகர் கணினி மில்லி வினாடிக்கு ஒருமுறை எழுந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஹால்ட் போடுகிறது என்று வையுங்கள். உருப்படியான வேலை எதுவும் இல்லை. நிர்வாகி உச்சவரம்பை ஒரு மில்லி வினாடிக்கும் மேலே ஏற்றி வைத்திருந்தால், ஒவ்வொரு இடைவெளியும் வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும். ஹைப்பர்வைசர், ‘நான் காத்திருந்தது வீண்போகவில்லை’ என்று முழு இடைவெளியும் விழித்தே இருக்கும். சும்மா கிடக்கும் இயந்திரம் 100 சதவீதம் உழைப்பதாகக் கணக்கில் வரும்.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? செம்பூரைத் தாண்டி மாஹுல் பக்கம் டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அங்கே இன்னும் நிலக்கரி எரிகிறது. ஐரோலியிலும் மஹாபேயிலும் வரிசையாக எழும்பும் டேட்டா சென்டர்களும் இதே மாநில மின்வலைப்பின்னலில்தான் தொங்குகின்றன. 2007-இல் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து எழுதினார்கள்: அவை பெரும்பாலான நேரம் முழுத் திறனில் 10 முதல் 50 சதவீதத்துக்குள்தான் உழைக்கின்றன, சும்மா இருக்கும்போதும் உச்ச மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை இழுக்கின்றன. ஓய்வு நேரத்தைச் சரியாகக் கையாள்வதில்தான் மிச்சமே இருக்கிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதன் பிறகு வன்பொருள் வெகுவாகத் திருந்தியது. ஆழ்ந்து உறங்கத் தெரிந்த வன்பொருளை மென்பொருள் உறங்கவிடாமல் வைத்திருந்தால் அந்தத் திருத்தத்தால் என்ன பயன்?

வேகம் மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுத்தவருக்கு. மின்கட்டணம் இயந்திரத்தின் உரிமையாளருக்கு. அதே கோரில் வேறொரு இழையைப் பகிர்ந்துகொள்ளும் மூன்றாம் நபர் ஒருவர் இருந்தால், மெதுவாகும் வேலை அவருடையது. மூன்று பேர், முடிவு எடுக்கும் எண் ஒன்று. அந்த எண் இயந்திரம் முழுவதற்கும் பொதுவாக இருந்தவரை இதற்குத் தீர்வே இல்லை. 2020-இல் கேவிஎம்மில் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனி உச்சவரம்பு வைக்கும் வசதி வந்தது. அந்த மாற்றத்தோடு ஒரு சிக்கலும் வந்தது: பொதுவான எண்ணை நிர்வாகி மாற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகள் தொடங்கியபோது இருந்த பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தன. 2022 நவம்பரில்தான் அது சரிசெய்யப்பட்டது. மாற்ற முடியும் என்று எழுதிவைத்தால் போதாது. மாற்றியது செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

செயலி முழுவதையும் ஒருவருக்கே ஒதுக்கிவிட்டால், உறங்கும் உரிமையையும் அவரிடமே விட்டுவிடலாம். 2018 முதல் கேவிஎம்மில் அதற்கும் வழி உண்டு: ஹால்ட் கட்டளை ஹைப்பர்வைசரிடம் வராமல் நேரே வன்பொருளுக்குப் போகும். 2016 ஜூனில் மும்பையில் தன் மையங்களைத் திறந்த அமேசானும், உறக்க நிலைகளைக் கட்டுப்படுத்தும் உரிமையைக் குறிப்பிட்ட சில பெரிய வகை மெய்நிகர் கணினிகளுக்கே தருகிறது. இந்த வரம்பு நியாயமானது என்பது என் எண்ணம். முழுவதையும் எடுத்தவர் தன் விருப்பப்படி விழித்திருந்தால், பக்கத்தில் மெதுவாகிப்போக வேறு வாடிக்கையாளர் இல்லை.

6. எல்லாருக்கும் இந்த வேகம் வேண்டுமா?

தாராவிக்கு வடக்கே, மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா வளாகம். தேசியப் பங்குச்சந்தையும் யுபிஐ-யை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமும் அங்கேதான் இருக்கின்றன. காலத்தைப் பொறுத்தவரை அவை இரண்டும் இரு வேறு உலகங்கள்.

தேசியப் பங்குச்சந்தை 1994 நவம்பரில் பங்கு வணிகத்தைத் தொடங்கியபோது தரகர்கள் செயற்கைக்கோள் வழியாக இணைந்தார்கள். புவிநிலைச் சுற்றுப்பாதை பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர். மேலே போய்க் கீழே வரவே கால் வினாடி ஆகும். நாடு முழுவதற்கும் தாமதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் ஒரு சமத்துவம் இருந்தது. 2010-இல் தரகர்களின் சர்வர்களைச் சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே வைக்கும் ‘கோ-லொகேஷன்’ முறை வந்தபின் போட்டி மைக்ரோ வினாடிக்கு இறங்கியது. யாருக்குத் தரவு முதலில் போய்ச் சேர்ந்தது என்ற வழக்கில் 2019 ஏப்ரலில் ஒழுங்குமுறை அமைப்பான செபி, 624.89 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிச் செலுத்துமாறு அந்தச் சந்தைக்கு ஆணையிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகைக்கான ஆணையை நீக்கியது. அந்தத் துறையில் செயலியை உறங்கவே விடமாட்டார்கள். அவர்களுடைய கணக்கு அவர்களுக்குச் சரி.

மறுபுறம், மாட்டுங்கா சந்தையில் பூக்கடையில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து நாற்பது ரூபாய் கொடுக்கிறீர்கள். யுபிஐ பரிமாற்றங்கள் 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. சராசரியாக வினாடிக்கு 3,700-க்கும் மேல். உங்கள் நாற்பது ரூபாய் போகும் வழியில் இருபது இடங்களில் ஒரு செயலி உறக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 100 மைக்ரோ வினாடி ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 மில்லி வினாடி. பூக்காரரும் உணர மாட்டார், நீங்களும் உணர மாட்டீர்கள். அதே வழியில் வங்கியின் தரவுத்தளம் ஒவ்வொரு பதிவும் வட்டில் சேரும்வரை அடுத்ததற்குப் போகாமல் நிற்கும் ஓரிடம் உண்டு. பொன்சினி சோதித்த வேலை அந்த வகை. அங்கே 100 மைக்ரோ வினாடி வரிசையாகக் கூடிக்கொண்டே போகும். அங்கே விழித்திருப்பது பயனுள்ளது. மற்ற இடங்களில் தேவையில்லை. ஒரே அமைப்புக்குள்ளேயே விடை இரண்டு.

2017-இல் பரோசோ, மைக் மார்ட்டி, டேவிட் பேட்டர்சன், சென்னை ஐஐடியில் படித்த பார்த்தசாரதி ரங்கநாதன் ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை ஒன்று இதை வேறு கோணத்தில் காட்டியது. நானோ வினாடித் தாமதத்தை வன்பொருள் தானே மறைத்துவிடுகிறது. மில்லி வினாடித் தாமதத்தின்போது இயங்குதளம் வேறு வேலைக்குத் தாவிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் மைக்ரோ வினாடியைக் கையாளத்தான் நம் கணினிகள் இன்னும் பழகவில்லை. விழித்திருக்கும் நேரம் பற்றிய தகராறு முழுவதும் அந்த நடுப்பகுதியில்தான் நடக்கிறது.

பங்குச்சந்தை காலை 9.15-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. அதைச் சார்ந்த மெய்நிகர் கணினிகள் அந்நேரத்தில் 200 மைக்ரோ வினாடி விழித்திருக்கட்டும். மாலையில் அந்த எண் சுழியத்துக்கு இறங்கட்டும். ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமலே மாற்றக்கூடிய எண் இது. பகலுக்கொன்று இரவுக்கொன்று வைக்க ஒரு சிறு நிரல் போதும்.

7. நான் கேட்பது

மாணவர்களிடம் ஒன்று. ஆய்வகத்தில் லினக்ஸ் ஓடும் பெரும்பாலான கணினிகளில் கேவிஎம் கிடைக்கும். எண்ணைச் சுழியமாக வைத்துத் தொடங்குங்கள். டைமர் சோதனையால் எழும் நேரத்தை விருந்தினர் பக்கத்திலிருந்து அளங்கள். பிறகு அந்த நேரத்தையே உச்சவரம்பாக வைத்து, வேகம், செயலிப் பயன்பாடு, மின்சாரம் மூன்றையும் பதிவு செய்யுங்கள். மின்சாரத்தை அளக்காமல் வேகத்தை மட்டும் வெளியிடும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன.

டேட்டா சென்டர் நடத்துபவர்களிடம் ஒன்று. ஒரு மெய்நிகர் கணினியை வாடகைக்கு விடும்போது எத்தனை கோர், எத்தனை ஜிபி நினைவகம் என்று விலைப்பட்டியலில் அச்சிடுகிறீர்கள். ஹைப்பர்வைசர் எத்தனை மைக்ரோ வினாடி விழித்திருக்கும், வாடிக்கையாளரால் அதை எந்த எல்லைக்குள் மாற்ற முடியும் என்பதையும் அதே பட்டியலில் சேருங்கள். கூடுதலாக விழித்திருக்கக் கேட்பவரிடம் அதற்குரிய கட்டணம் வாங்குங்கள். உறங்கச் சம்மதிப்பவருக்குக் கழிவு கொடுங்கள்.

இந்த அவையில் வங்கிகளிலும் அரசுத் துறைகளிலும் கொள்முதல் பொறுப்பில் இருப்பவர்கள், இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். டெண்டர் ஆவணத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி ஒதுக்கச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான். வாங்குபவர் எழுதிக் கேட்டால், விற்பவர் அந்த எண்ணைத் தேடி எடுத்துத் தந்தாக வேண்டும்.